கோத்தகிரி மழையில் எண்ணெய் வண்ணம் காய வழி சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவள் நான். கல்யாணம், பிள்ளைகள், மாமியாரின் உடம்பு என்று வருஷங்கள் ஓடி, சின்னவளும் கோயம்புத்தூரில் காலேஜ் சேர்ந்த பிறகு இப்போதுதான் மறுபடி தூரிகை எடுத்திருக்கிறேன். கண்ணால் பார்ப்பதை உள்ளபடி வரையும் யதார்த்த பாணிதான் அன்றும் இன்றும் எனக்குப் பிடித்தது.

இப்போது வரைவது பக்கத்து வீட்டு அக்காவின் கைகள். தேயிலை பறித்துப் பறித்து விரல் நுனியில் ஏறிய கறை இருக்கிறதே, அதற்குப் போட்ட பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு வண்ணம் சீக்கிரமே காய்ந்துவிட்டது. டைட்டானியம் வெள்ளை கலந்த தோல் நிறம்தான் இந்த ஐப்பசிக் குளிரில் காயவே மாட்டேன் என்கிறது. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துத்தான் இறுகும், குளிரில் அது மெதுவாகும், அது தெரியும். வண்ணத்தைச் சீக்கிரம் காயவைக்கும் ஆல்கிட் மீடியம் கலந்தால் தோலின் மென்மை கெடுமா? கேன்வாஸின் பின்புறம் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மலையில் வரைகிறவர்கள் என்ன செய்கிறீர்கள்?

அப்புறம், குன்னூர், ஊட்டி பக்கம் உருவப்படம் வரைபவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். படத்தை நேரில் பார்த்து, எங்கே தவறு என்று தயங்காமல் சொல்ல ஒருவர் எனக்கு ரொம்பத் தேவை. நானே படத்தோடு வருகிறேன்.