திருப்புகால்: ‘ஸ்வெர்வ் மாட்யூல்’ என்பதற்கு என் பரிந்துரை

குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ரோபோவுக்கு மாட்டும், எந்தப் பக்கமும் திருப்பக்கூடிய சக்கர அமைப்பான ‘ஸ்வெர்வ் மாட்யூல்’ (swerve module) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை நான்கு நாளாக வாசித்து வருகிறேன். கோவையில் ஒரு மாணவர் அணிக்குப் போட்டி ரோபோவின் அடிச்சட்டம் செய்ய உதவிக்கொண்டிருப்பதால் இந்தச் சொல் எனக்குத் தினமும் வேண்டியிருக்கிறது. இதுவரை வந்த சொற்களையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். எதுவும் வாயில் நிற்கவில்லை. என் பரிந்துரை ‘திருப்புகால்’. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொருள் தெளிவாக இருந்தால்தான் சொல் தெளிவாக வரும். மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் ரோபோவில் சக்கரங்கள் முன்னும் பின்னும் மட்டும் உருளும். திரும்ப வேண்டுமென்றால் ஒரு பக்கத்து வேகத்தைக் குறைப்பார்கள். வண்டி தரையில் தேய்ந்துகொண்டே திரும்பும். மாசியில் கோனியம்மன் தேர் வீதி முனையில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். தேருக்குச் சக்கரம் திரும்பாது. முட்டுக்கட்டை கொடுத்து, வடம் பிடித்து, தேரையேதான் திருப்புவார்கள்.

நாம் பெயர் தேடும் அமைப்பில் அப்படி இல்லை. நான்கு மூலையிலும் நான்கு சக்கரம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மோட்டார். ஒன்று சக்கரத்தை உருட்டும். இன்னொன்று சக்கரத்தை அப்படியே செங்குத்து அச்சில் திருப்பி, எந்தத் திசையைப் பார்க்க வேண்டுமோ அந்தத் திசையைப் பார்க்க வைக்கும். வண்டியின் முகம் வடக்கே இருக்க, உடல் கிழக்கே போகும். போய்க்கொண்டே தன்னைத்தானே சுற்றவும் செய்யும்.

சரி, இப்போது சொல்லுக்கு வருகிறேன். இது எனக்குக் கிடைத்தது கோவை கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையில். திருப்பும் தண்டுக்குப் பேரிங் உட்காரும் இடத்தைக் கடையக் கொடுத்திருந்தோம். அந்தப் பெரியவர் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங் தம்பி, இந்தச் சக்கரம் தானாத் திரும்புமுங்களா, இல்ல நீங்க திருப்போணுங்களா?” தானாகத் திரும்புவதென்றால் கொஞ்சம் லூசாக விடலாம், நாம் திருப்புவதென்றால் ஆட்டமே இருக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. பதில் சொல்லும்போதே எனக்கு மனதில் பட்டுவிட்டது. நாம் நான்கு நாளாகத் தேடுகிற வேறுபாட்டைத் தமிழ் ஏற்கெனவே ஒரே எழுத்தில் வைத்திருக்கிறது. திரும்பு, திருப்பு. தன்வினை, பிறவினை.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் கடைத் தள்ளுவண்டிக்கும் அடியில் இருக்கும் சின்னச் சக்கரம் தள்ளுகிற பக்கம் தானே திரும்பிக்கொள்ளும். அது ‘திரும்புகால்’. மோட்டார் வைத்து நாம் திருப்புவது ‘திருப்புகால்’. இரண்டு பொருளுக்கும் பெயர் கிடைத்துவிட்டது, உறவும் வேறுபாடும் பெயரிலேயே தெரிகின்றன. கடன் வாங்கிய சொல்லில் இந்த வசதி கிடைக்காது.

நம் குழுவின் ஈரோட்டு ஐயா ஒரு இலக்கணக் கேள்வி எழுப்புவார் என்று நினைக்கிறேன்: ‘திருப்புகால்’ என்றால் எதையோ திருப்புகிற கால் என்றல்லவா பொருள்படும்? படலாம். ஆனால் குடிநீர் என்றால் எதையோ குடிக்கிற நீர் இல்லையே ஐயா, நாம் குடிக்கும் நீர். வினைத்தொகையில் செயப்படுபொருளும் வந்து அமரும். அதே காரணத்தால் நடுவில் ‘க்’ மிகாது. ஊறுகாய், சுடுகாடு மாதிரி திருப்புகால் என்றே எழுத வேண்டும், ‘திருப்புக்கால்’ வேண்டாம்.

‘கால்’ எதற்கு, ‘சக்கரம்’ போதாதா என்று தங்கை ஒருவர் கேட்டிருந்தார். போதாது என்பது என் எண்ணம். நாம் பெயரிடுவது சக்கரத்துக்கு மட்டும் இல்லை. சக்கரம், அதைப் பிடிக்கும் கவை, இரண்டு மோட்டார், பல்சக்கரங்கள், கோணத்தைச் சொல்லும் காந்த உணரி, இத்தனையும் சேர்ந்து ஒரே உறுப்பாகக் கழற்றி மாட்டப்படுகிறது. வண்டி அதன்மேல்தான் நிற்கிறது. கட்டிலுக்கும் மேசைக்கும் பந்தலுக்கும் கால் என்கிறோமே, அந்தப் பொருளில் இதுவும் கால். அதோடு, கால் என்றால் சக்கரம் என்பது பழைய வழக்கு. 496ஆம் குறளில் ‘கால்வல் நெடுந்தேர்’ என்று வருவது வலிய சக்கரமுடைய தேரைத்தான். நான்கு காலும் ஆளுக்குக் கால் பங்கு எடையைத் தாங்குவதும் எனக்குப் பிடித்திருக்கிறது. நடக்கிற ரோபோக்களோடு குழம்பாதா என்ற அச்சம் நியாயமானது. அவற்றுக்கு ‘நடைகால்’ என்று வைத்துக்கொண்டால் பிரிந்துவிடும்.

இழையில் வந்த மற்ற பரிந்துரைகளைப் பற்றிச் சுருக்கமாக. ‘விலகோட்டி’ ‘ஸ்வெர்வ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் ‘விலகு’ என்னும் அகராதிப் பொருளைப் பிடித்துக்கொண்டது. இந்த வண்டி எதிலிருந்தும் விலகுவதில்லை. விலகல் என்ற சொல் புள்ளியியலில் ஏற்கெனவே வேலை பார்க்கிறது. ‘எத்திசை இயக்கி’ அழகாக இருக்கிறது, ஆனால் 1970களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் பெங்ட் இலோன் வடிவமைத்த மெக்கானம் சக்கரமும் எத்திசையிலும் போகும். அதில் விளிம்பைச் சுற்றி 45 பாகை சாய்வில் உருளைகள் இருக்கும். சக்கரம் திரும்பாமலே வண்டி பக்கவாட்டில் நழுவும், ஆனால் எதிரணி ரோபோ இடித்தால் பிடிமானம் குறைவு. அந்த வகைகளுக்கெல்லாம் பொதுப்பெயராக ‘எத்திசை’யை வைத்துக்கொள்வோம். ‘நண்டுச்சக்கரம்’ பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. ஆனால் நண்டு மாதிரி உடல் திரும்பாமல் பக்கவாட்டில் போவது இந்த அமைப்பு செய்யும் பல வேலைகளில் ஒன்றுதான். அந்த ஓட்டத்துக்கு மட்டும் ‘நண்டோட்டம்’ என்று வைக்கலாம், அதை இழக்க எனக்கு மனமில்லை.

‘வழிநடத்தக்கூடிய இலகுரக இயக்கச் சட்டகம்’ என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுவோம். ஓர் ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் மாற்றி அடுக்கியது அது. ‘திருப்புகால் அடிச்சட்டம்’ என்றால் முடிந்தது. எடை குறைந்தது என்பது அந்தச் சட்டத்தின் தன்மை, பெயருக்குள் வர வேண்டியதில்லை.

ஆனால் எடைதான் இதில் உயிர். வழக்கமான வண்டிக்கு நான்கு மோட்டார் போதும் என்றால் இதற்கு எட்டு வேண்டும். ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்ற மாணவர் ரோபோ போட்டியில் ஒரு ரோபோவுக்கு மோட்டார் எட்டுக்கு மேல் கூடாது; எட்டையும் கால்களுக்கே கொடுத்தால் மற்ற வேலைக்கு மிஞ்சாது என்பதால் அங்கே பலர் திருப்புவதற்குச் சர்வோ (சொன்ன கோணத்தில் நிற்கும் சிறு மோட்டார்) வைக்கிறார்கள். கால்களில் ஏறிய எடையைச் சட்டத்தில்தான் குறைக்க வேண்டும். எங்கள் சட்டம் 600 மில்லிமீட்டர் சதுரம், நடுவில் ஒரு குறுக்குக் குழாய், மொத்தம் 3 மீட்டர். 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 2 மில்லிமீட்டர் தடிமன், இரும்பில் எடுத்தால் சுமார் 4.3 கிலோ வரும். அதே அளவு அலுமினியத்தில் 1.5 கிலோ. முதல் தடவை நாங்கள் இரும்பில் பற்றவைத்து, எடை பார்த்த பிறகு முழுவதையும் தூக்கிப் போட்டோம். இப்போது கால்களின் மேல்தட்டே மூலைகளை இறுக்கிப் பிடிப்பதால் தனியாக மூலைத்தகடும் தேவைப்படவில்லை. சட்டம் லேசாக முறுக்கிக்கொடுப்பதும் நல்லதுதான். நான்கு கால் பொருள் முழு விறைப்பாக இருந்தால், தரை கொஞ்சம் மேடுபள்ளமானாலும் ஒரு கால் தூக்கிக்கொள்ளும்.

முதலில் உருட்டும் மோட்டாரைக் கவையிலேயே வைத்துச் சக்கரத்தோடு சேர்த்துத் திருப்பினோம். ஒயர் முறுக்கிக்கொண்டு இரண்டாம் நாளே அறுந்தது. அப்புறம் மோட்டாரை மேலே அசையாமல் நிறுத்தி, திருப்பும் தண்டுக்கு நடுவே இன்னொரு தண்டை இறக்கினோம். இப்படிச் செய்தால் காலைத் திருப்பும்போது சக்கரமும் கொஞ்சம் உருளும், அதை நிரலில் கழிக்க வேண்டும். இன்னொன்று: எந்தக் காலையும் 90 பாகைக்கு மேல் திருப்பத் தேவையே இல்லை, மிச்சத்துக்குச் சக்கரத்தைப் பின்னோக்கி உருட்டினால் போதும். இதைப் புரிந்துகொண்ட நாளில் பிள்ளைகள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இந்தக் கோணத்துக்குத் ‘திருப்புகோணம்’ என்று எழுதத் தொடங்கிவிட்டோம், நிரலில் மாறிகளின் பெயர்களைக்கூட அப்படி வைத்திருக்கிறார்கள். நான்கு சக்கரமும் மையத்தைப் பார்த்து நின்று யாரும் தள்ள முடியாதபடி ஆகும் நிலைக்கு அவர்களே ‘பூட்டுநிலை’ என்று வைத்தார்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒன்று மட்டும் இன்னும் பாக்கி. போட்டிக்கு முன் நான்கு கால்களையும் நேராக நிறுத்தி, அதுதான் சுழி (பூஜ்யம்) என்று உணரிக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை இருக்கிறது. பட்டறைப் பெரியவர் அதை ‘நேர் பாக்கறது’ என்கிறார். ‘நேர்பார்த்தல்’ என்று வைத்துக்கொள்ளலாமா? ஈரோட்டு ஐயாவும் தங்கையும் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.