மறைந்த பேராசிரியரின் பெயரைச் சிறுகோளுக்கு வைப்பது எப்படி?

வானோக்கி:
மறைந்த இயற்பியல் பேராசிரியர் ஒருவரின் பெயர் ஒரு சிறுகோளுக்கு அமைய வேண்டும் என்பது அவருடைய மாணவர்களின் விருப்பம். பணம் கட்டினால் சான்றிதழோடு பெயர் வைத்துத் தருவதாக ஓர் இணையதளம் சொல்கிறது. அது செல்லுமா? இல்லையென்றால் யாரிடம் கேட்பது? தொலைநோக்கிப் படங்களில் சிறுகோள் தேடும் திட்டமொன்றில் இந்த மாணவர்களுக்கு 'முதற்கட்டக் கண்டறிதல்' சான்றிதழும் கிடைத்திருக்கிறது. அதில் கண்ட சிறுகோளுக்கே பெயர் கேட்கலாமா?

அரைமாதம்:
பணம் கட்டாதீங்க. சிறுகோள் பெயர்கள் விற்பனைக்கு வருவதே இல்லை. சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பெயரிடல் குழு ஏற்று, தன் அறிக்கையில் வெளியிட்டால்தான் பெயர்.

சான்றிதழை வைத்து இப்போதைக்குப் பெயர் கேட்க முடியாது. குறைந்தது இரண்டு இரவுகளின் அளவீடுகள் சேர்ந்தால்தான் தற்காலிகக் குறியீடே கிடைக்கும். 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோளின் குறியீட்டைப் பாருங்க: 'ஒய்' என்றால் டிசம்பர் 16 முதல் 31 வரையிலான அரைமாதம். 'ஐ' எழுத்தை விட்டுவிட்டு எண்ணினால் 'ஆர்' 17-வது. ஒரு சுற்றுக்கு 25 எழுத்து, கடைசியிலுள்ள 4 என்றால் நான்கு சுற்று முடிந்திருக்கிறது. ஆக அந்த அரைமாதத்தின் 117-வது பொருள் அது.

அடுத்தது நிரந்தர எண். பெரும்பாலும் நான்கு எதிர்நிலைகளில் (பூமியிலிருந்து பார்க்கையில் சூரியனுக்கு நேர் எதிரே சிறுகோள் வரும் காலம்) பார்த்துச் சுற்றுப்பாதை உறுதியானால்தான் எண் தருவாங்க. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட முதன்மைப் பட்டையில் உள்ள ஒரு சிறுகோள் எதிர்நிலைக்குத் திரும்ப ஒன்றேகால் முதல் ஒன்றரை ஆண்டு பிடிக்கும். ஒரு பருவம் தவறினால் அடுத்ததற்குக் காத்திருக்கணும். பழைய படங்களில் அதே பொருள் சிக்கினால் காலம் குறையும். ஆனால் அப்போதுதான் சிக்கலும் வரும்: 2010-ல் வந்த விதிப்படி, இரண்டாம் இரவு அளவீடு எந்த எதிர்நிலையில் முதலில் பதிவானதோ, அந்த எதிர்நிலையில் முதலில் அறிக்கை அனுப்பியவரே கண்டுபிடிப்பாளர். அந்த எதிர்நிலை பழையதாக இருந்தால் உரிமை வேறொரு ஆய்வகத்துக்குப் போய்விடும்.

எண் கிடைத்த பிறகு பத்தாண்டுகள் பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடிப்பாளருக்கு உண்டு.

பதினாறு:
குறுக்குவழி ஒன்று உண்டு, அதுதான் நடைமுறைக்கு ஏற்றது. எண் பெற்றவை 7 லட்சத்தைத் தாண்டிவிட்டன. பெயர் உள்ளவை சுமார் 25 ஆயிரம்தான். பெரிய தேடல் குழுக்களிடம் பெயரில்லாத சிறுகோள்கள் ஏராளம். அவர்களில் ஒருவருக்கு எழுதி, அவரை முன்மொழியச் சொல்லுங்க. ஒரு கண்டுபிடிப்பாளர் இரண்டு மாதத்தில் இரண்டு பெயர்தான் அனுப்பலாம் என்பதால் பொறுமை வேண்டும்.

பெயர் ரோமன் எழுத்தில், இடைவெளியும் சேர்த்து 16 எழுத்துக்குள் அடங்கணும். ஒரே சொல்லாக இருந்தால் நல்லது. விஸ்வநாதன் ஆனந்தின் முழுப்பெயர் 17 வருகிறது! அதனால் 4538-ஆம் எண் சிறுகோளுக்கு 'விஷிஆனந்த்' என்று பெயர். 1988-ல் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்ட அதற்கு 2015-ல்தான் பெயர் வந்தது. சுப்ரமணியன் சந்திரசேகர் 1958-ஆம் எண்ணில் 'சந்திரா'. நிறுவனங்களுக்கும் தடையில்லை: 6000 யுனைடெட் நேஷன்ஸ், 15332 செர்ன் (ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வகம்). வணிகப் பெயர்கள் மட்டும் கூடாது. வளர்ப்புப் பிராணிகளின் பெயர்களையும் ஊக்குவிப்பதில்லை. அரசியல், ராணுவத்தால் அறியப்பட்டவர் என்றால் இறந்து நூறாண்டு ஆகியிருக்கணும். பேராசிரியருக்கு அந்தத் தடை இல்லை.

வானோக்கி:
முதலெழுத்தும் பட்டமும் சேர்த்தால் 16-ஐத் தாண்டுகிறதே?

பதினாறு:
பட்டத்தை விட்டுடுங்க. முதலெழுத்தும் வேண்டாம், புள்ளிக்கும் ஓர் இடம் போகும். பெயர் மட்டும் போதும். அதற்கு முன் சிறுகோள் பட்டியலில் தேடிப் பாருங்க. 'ராமானுஜன்' 4130-க்குப் போய்விட்டது, 'ராமன்' 55753-க்கு. ஓரெழுத்து மட்டும் மாறிய பெயரும், கோள்களின் துணைக்கோள் பெயரை ஒத்ததும் நிராகரிக்கப்படலாம்.

அரைமாதம்:
எந்தச் சிறுகோள் என்பதையும் கவனிங்க. பூமிக்கு அருகே வருபவற்றுக்குப் புராணப் பெயர்களே மரபு. வியாழனின் பாதையில் முன்னும் பின்னும் செல்லும் ட்ரோஜன் சிறுகோள்களில் பெரியவற்றுக்குக் கிரேக்கப் புராணத்தின் ட்ராய் போர் வீரர்களின் பெயர்கள். முன்னால் கிரேக்கர், பின்னால் ட்ராயர். அந்த மரபு உறுதிப்படும் முன்பே பெயர் பெற்ற ட்ராய் வீரன் 624 ஹெக்டர் மட்டும் கிரேக்கர் கூட்டத்தில் நிற்கிறான், கிரேக்க வீரன் 617 பட்ரோக்ளஸ் ட்ராயர் பக்கம். ஆகவே முதன்மைப் பட்டையில் உள்ள ஒன்றையே கேளுங்க. கூடவே சில வரிக் குறிப்பும் அனுப்பணும்: பிறப்பு இறப்பு ஆண்டுகள், துறை, அவர் செய்த குறிப்பிட்ட பணி. 'மாமேதை', 'ஒப்பற்றவர்' போன்ற சொற்களுக்கு அதில் இடத்தை வீணாக்காதீங்க. எந்தக் கருவியை உருவாக்கினார், எந்தப் பாடப்பிரிவைத் தொடங்கினார் என்று எழுதுங்க.