மறுமொழி: 'பெக்கிங் ஆர்டர்' – கொத்துவரிசை வேண்டாம், கொத்துரிமை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கோழி வளர்ப்புச் சொற்பட்டியலில் 'பெக்கிங் ஆர்டர்' (கூட்டத்தில் எந்தக் கோழி எதைக் கொத்தலாம் என்ற ஏற்பாடு) என்பதற்குக் 'கொத்துவரிசை' என்று முடித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம் என நேற்று எழுதியிருந்தீர்கள். சற்றுப் பொறுங்கள். அந்தச் சொல்லை நம்பினால் வளர்ப்பவர் தவறான கோழியைப் பிடித்து அடைப்பார். நானே அடைத்தேன்.

என்னிடம் ஏழு பெட்டைகள். கறுப்புப் பெட்டை ஒன்று, தீவனத் தட்டருகே செவலை வந்தாலே கழுத்தைச் சிலிர்த்து அதன் உச்சியில் கொத்தும். செவலை கால் மடங்கிக் குனிந்து, அலகைத் திருப்பிக்கொண்டு ஒதுங்கும். ஒருநாள் கொண்டையில் இரத்தம். கோழிகளுக்கு இரத்தச் சிவப்பு கண்ணில் பட்டால் போதும், மற்றவையும் சேர்ந்து கொத்தத் தொடங்கிவிடும். பதறிப்போய்ச் செவலையைத் தனிக்கூண்டில் வைத்தேன். பத்து நாளில் புண் ஆறியது. திரும்ப விட்டபோது, முன்பு அதற்கு அடங்கியிருந்த பெட்டைகூட அதைத் துரத்தியது.

வரிசை என்றால் 'இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போய் வரலாம். கோழிக் கூட்டத்தில் அப்படி யாரும் இடம் பிடித்து வைப்பதில்லை. விலகியிருந்து திரும்பும் கோழி பெரும்பாலும் புதிதாக வந்ததைப் போலத்தான் நடத்தப்படுகிறது. ஆகவே பிரிக்க வேண்டியது கொத்தும் கோழியை. பிறகு கறுப்பை ஒரு வாரம் கண்மறைவாக வைத்தேன். திரும்பி வந்த அன்று அது தட்டருகே வரத் தயங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இந்த நடத்தையை முதலில் விளக்கியவர் நார்வேக்காரரான தோர்லெய்ப் ஷெல்டெரூப்-எப்பே. 1922இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த அவருடைய கட்டுரையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது: முதல் கோழி இரண்டாவதைக் கொத்தும், இரண்டாவது மூன்றாவதைக் கொத்தும், மூன்றாவதோ முதலாவதைக் கொத்தும். இந்த முக்கோணத்தை எந்த வரிசையில் நிறுத்துவீர்கள்? 'படிநிலை' என்றாலும் இதே இடறல்தான்.

அடிப்படையில் இருப்பது இரண்டு கோழிகளுக்கு இடையிலான உறவு. ஒன்று கொத்தலாம், மற்றது திருப்பிக் கொத்தாது. அதனால் 'கொத்துரிமை' என்று முன்மொழிகிறேன். வாக்குரிமை, வாரிசுரிமை போலப் படித்தவுடன் புரியும். உரிமை என்பதால் பெறலாம், இழக்கலாம், மறுக்கலாம். 'கறுப்பு தன் கொத்துரிமையை இழந்தது' என்று இயல்பாக எழுத முடிகிறது. பூங்கொத்தின் 'கொத்து' குறுக்கே வருவதும் இதில் குறைவு. 'கொத்தடிமை' நினைவுக்கு வருகிறதே என்று அம்மையார் ஒருவர் முன்பே தயங்கினார். அந்த ஒலி எனக்கும் உறுத்தியது; ஆனால் சொற்றொடருக்குள் வைத்துப் படித்தபோது மயக்கம் வரவில்லை.

இன்னொரு வேண்டுகோள். இறகைப் பிடுங்கித் தின்பதை இதே பதிவில் சேர்க்காதீர்கள். அதற்குக் காரணங்கள் இட நெருக்கடி, புரதக் குறைவு, கிளறித் தேட ஒன்றுமில்லாத வெறுந்தரை. அங்கே கோழியைப் பிரிப்பது மட்டும் போதாது. கூட்டையும் தீவனத்தையும் திருத்த வேண்டும். 'இறகு பிடுங்கல்' என்று தனிப் பதிவாக வரட்டும். அடைக்கோழியின் சீற்றமும் வேறு. அது முட்டையைக் காக்கிறது.

பதிவு இப்படி இருக்கலாம்: 'கொத்துரிமை – ஒரு கோழி மற்றொன்றை எதிர்ப்பின்றிக் கொத்தும் நிலை, பிரிவால் மாறக்கூடியது.' கடைசி இரண்டு சொற்களை மட்டும் தயவுசெய்து நீக்கிவிடாதீர்கள்.