சீசன் ரிக்கெற் இருந்தும் பஸ் நிற்காவிட்டால் யாரிடம் கேட்பது?

திரும்பி வந்த அம்மா:
தமிழ்நாட்டு அகதி முகாமில் 19 வருஷம் இருந்துவிட்டு இந்த வருஷம்தான் முல்லைத்தீவு ஒட்டுசுட்டானுக்கு வந்தோம். மகள் எட்டாம் வகுப்பு, பள்ளிக்கூடம் முள்ளியவளைப் பக்கம். அங்கே யூனிஃபார்மைப் பார்த்தாலே பஸ்ஸில் காசு கேட்க மாட்டார்கள், பாஸ் இலவசம். இங்கே சீசன், அதாவது முன்கூட்டியே காசு கட்டுகிற பஸ் பாஸ், எடுங்கள் என்றார்கள், எடுத்தோம். திங்கட்கிழமை ஒரு பஸ் நிற்கவே இல்லை. மிதிபலகையில் நின்ற கொண்டக்டர் பின்னால் பஸ் வருகிறது என்று கையைக் காட்டிவிட்டுப் போனார், பின்னால் புழுதி மட்டும்தான் வந்தது. அடுத்து நின்ற பஸ்ஸில் சீசனை நீட்டினால் முழு ரிக்கெற் எடு என்கிறார். என்ன முறை இது?

முறிகண்டிச் சந்தி:
அக்கா, இரண்டாவதாக நின்றது தனியார் பஸ்ஸாக இருக்கும். உங்களுடையது இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) சீசன், அது இ.போ.ச.வின் அரச பஸ்ஸில்தான் செல்லும். அதுவும் அட்டையில் எழுதியிருக்கிற இடத்திலிருந்து இடம்வரை, பள்ளிக்கூட நாளில் மட்டும். 12 வயதுவரை அரை ரிக்கெற், உங்கள் பிள்ளைக்கு அது தாண்டியிருக்கும். கொண்டக்டர் கேட்டது பிழையில்லை.

வீல் சத்தம்:
நான் தனியார் பஸ்ஸில் ஆறு வருஷம் கொண்டக்டராக நின்றவன். எங்களைத் திட்டுகிறவர்கள் ஒருநாள் காலமை ஏழு மணிக்கு எங்களோடு வந்து பாருங்கள். ஒரு தரிப்பில் பதினைந்து பிள்ளைகள், எல்லாரும் புத்தகப்பையோடு, பாதிப்பேர் அரை ரிக்கெற், சந்தைக்குப் போகிற சனம் ஏற இடமில்லை. பின்னேரம் முதலாளி கணக்குக் கேட்பார், டீசலுக்கு அரை ரிக்கெற் இல்லைத்தானே?

கரும்பலகை ரீச்சர்:
தம்பி, கணக்கு உங்களுக்குச் சரி. ஆனால் ஏழரைக்கு மணி அடிக்கும்போது வாசலில் இல்லாத பிள்ளையின் பெயருக்கு நேரே நான்தான் பிந்தியது என்று எழுதுகிறேன். மாரியில் முழங்கால்வரை நனைந்து வந்து பின் வாங்கில் ஒடுங்கி இருக்கும், கொப்பியெல்லாம் ஈரம். முதல் பாடம் போனால் கணிதம் போச்சு. பஸ்ஸை மறிக்கிற பிள்ளையை விட்டுவிட்டுப் போக எந்தப் பஸ்காரருக்கும் உரிமையில்லை, அது தனியாராக இருந்தாலும் அரசாக இருந்தாலும்.

வீல் சத்தம்:
உரிமை பற்றிக் கதைக்கலாம் ரீச்சர். மிதிபலகையில் தொங்கி ஒரு பிள்ளை விழுந்தால் பொலிஸ் பிடிப்பது யாரை?

முறிகண்டிச் சந்தி:
இதில் இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறீர்கள், அதனால்தான் இருபது வருஷமாக இந்தச் சண்டை முடியவில்லை 😄 சிசு சரிய என்று பள்ளிக்கூட பஸ் சேவை 2005 இல் தொடங்கினது இதற்குத்தானே. தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு பஸ்காரருக்கு மானியம் கொடுக்கும், தனியாரும் ஓடலாம், பள்ளிக்கூட நேரத்துக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் அந்தப் பஸ்ஸின் வேலை. பெற்றோர் சேர்ந்து அதிபர் மூலமாகக் கடிதம் கொடுங்கள்.

வீல் சத்தம்:
கடிதம் கொடுக்கலாம். உள்வீதிக் குழிகளுக்குள் ஓட முதலாளி யார் வருவார்? பிரதான வீதியில் ஓடுகிறதுக்கே ஆள் பிடிக்க வேண்டியிருக்கு.

கரும்பலகை ரீச்சர்:
அம்மா, இதையெல்லாம் விடுங்கள். நாளைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எந்த இ.போ.ச. பஸ் எத்தனை மணிக்கு உங்கள் தரிப்புக்கு வருகிறதென்று டிப்போ நேரசூசியில் பார்த்து எழுதி வையுங்கள். நிற்காத பஸ்ஸின் இலக்கத்தையும் நேரத்தையும் மகளின் கொப்பிக் கடைசிப் பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள். நாலு நாள் சேர்ந்ததும் அதோடு டிப்போவுக்குப் போங்கள். இலக்கம் இல்லாமல் போனால் "எந்தப் பஸ் அம்மா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

திரும்பி வந்த அம்மா:
நன்றி ரீச்சர். மகள் ஏற்கெனவே எழுதத் தொடங்கிவிட்டாள். இன்றைக்கு ஒரு பஸ் நின்றது, அதையும் நேரத்தோடு எழுதியிருக்கிறாள், பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு. கொண்டக்டர் தம்பி, நீங்கள் ஓடின பஸ் எந்த வழி?

வீல் சத்தம்:
அதை மட்டும் கேட்காதையுங்கோ அக்கா.