ஐ.இ.இ.இ. என்று பேர் இருந்தால் போதுமா?

கடிகாரமுனை: சிப் வடிவமைக்கும் மொழியான வி.எச்.டி.எல்.-இல் கவுன்டர் (எண்ணிக்கொண்டே போகும் சுற்று) எழுத வழி கேட்ட மாணவருக்கு நேற்று இங்கே ஒருவர் சொன்ன பதில்: "எஸ்டிடி லாஜிக் அரித் போடு, அதுதான் ஐ.இ.இ.இ. ஸ்டாண்டர்ட்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அந்த அரித், சிப் மென்பொருள் நிறுவனமான சினாப்சிஸ் எழுதிய பேக்கேஜ், அதாவது எண் கணக்குக்கான தயார் கோடுத் தொகுப்பு. தரங்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ. அதை ஒருநாளும் ஸ்டாண்டர்ட் ஆக்கவில்லை. 1997-இல் 1076.3 என்ற எண்ணோடு ஸ்டாண்டர்டாக வந்தது அதே வேலைக்கான நியூமெரிக் எஸ்டிடி என்ற பேக்கேஜ்.

பழையகை: சொன்னது நான்தான். கோடில் முதல் வரி என்ன? லைப்ரரி ஐ.இ.இ.இ.! பேரே இருக்கு, வேறென்ன அத்தாட்சி வேணும்?

கடிகாரமுனை: அந்தப் பேருள்ள லைப்ரரிக்குள் சினாப்சிஸ் கொண்டுபோய் வைத்தது, அவ்வளவுதான். அடுத்தவர் திண்ணையில் உட்கார்ந்தால் வீடு சொந்தமாகிவிடுமா? மென்டர் என்ற இன்னொரு நிறுவனமும் இதே பேரில் வேறொரு பேக்கேஜ் வைத்திருந்தது. பேர் ஒன்று, சரக்கு இரண்டு. வி.எச்.டி.எல். கோடை ஓட்டிப் பார்க்கும் ஜி.எச்.டி.எல். மென்பொருளில் தனியாக ஆப்ஷன் கொடுத்தால்தான் அரித்தை எடுக்கும்.

பழையகை: இருபது வருஷமா எழுதுறேன், என் கோடு எங்கேயும் நின்னதில்லை. ஐ.இ.இ.இ. லைப்ரரியில் இருக்கா இல்லையா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க தம்பி.

புதுவரவு: அண்ணா, நான் அரித், நியூமெரிக் எஸ்டிடி இரண்டையும் சேர்த்துப் போட்டேன். அன்சைன்டு (மைனஸ் இல்லாத எண்) என்கிற டைப்பே தெரியலைன்னு எரர் வருது.

கடிகாரமுனை: இரண்டு பேக்கேஜும் அந்த டைப்பைத் தனித்தனியாக அறிவிக்கின்றன. இரண்டையும் சேர்க்க யூஸ் என்ற வரி போட்டால் ஒன்றை ஒன்று மறைத்து, இரண்டுமே நேரடியாகத் தெரியாமல் போகும். அரித்தைத் தூக்கிவிட்டு, முழு எண்ணாக மாற்ற அதன் கான்வ் இன்டிஜர் இருந்த இடத்தில் நியூமெரிக் எஸ்டிடியின் டூ இன்டிஜர் போடு. பழையகை சார், உங்கள் பதிலை நம்பித்தான் இந்தப் பையன் ராத்திரி முழுக்க முழித்திருக்கிறான்!

வெரிலாக்பிரியன்: இன்னொரு சிப் மொழியான வெரிலாக்கில் இந்தத் தொல்லையே கிடையாது. 2001-லேயே சைன்டு (மைனஸும் வரும் எண்) மொழிக்குள் வந்தாச்சு.

பழையகை: உங்களை யார் கூப்பிட்டது? போன மாசம் என் டெஸ்ட்பெஞ்சை (சோதனைக் கோடை) குப்பைன்னு சொன்னவர்தானே நீங்க?

வெரிலாக்பிரியன்: இப்பவும் அதையேதான் சொல்வேன்.

கடிகாரமுனை: அந்தச் சண்டையை வேறெங்காவது வைத்துக்கொள்ளுங்கள். வெக்டரையே (பிட் வரிசையையே) நேராகக் கூட்ட வேண்டுமென்றால் வி.எச்.டி.எல். 2008 பதிப்பில் நியூமெரிக் எஸ்டிடி அன்சைன்டு என்ற பேக்கேஜ் இருக்கிறது. அதுவும் ஸ்டாண்டர்ட்தான். அரித் இல்லை, இல்லவே இல்லை.

பழையகை: லைப்ரரி பேர் ஐ.இ.இ.இ.தானே?