ஏற்காட்டுக்கு ஏற்ற வேண்டிய எல்பிஜி தொட்டி: விட்டம் எவ்வளவு வைக்கலாம்?

வணக்கம். சேலத்தில் சிறு பட்டறை நடத்துகிறேன். ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றின் உலர்த்திக்கு 10 கனமீட்டர் கிடைமட்ட எல்பிஜி தொட்டி வடிவமைக்கிறேன். இரு முனைகளிலும் 2:1 நீள்வட்ட டிஷ் எண்டு (கிண்ணம் போல வெளியே புடைத்த மூடி; ஆழம் விட்டத்தில் கால் பங்கு).

விட்டம் 1.5 மீட்டர் என்றால் உருளைப் பகுதி சுமார் 5.16 மீட்டர்; 1.8 என்றால் 3.33 மீட்டர்தான். குட்டையானது 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் எளிதாகத் திரும்பும். ஆனால் அதே அழுத்தத்துக்கு அதன் தகடு 20 சதவீதம் தடிமனாக வேண்டும். தகட்டைச் சுருட்டுவதும் வெல்டிங்கும் கடினமாகும். என் மனம் 1.5 பக்கமே சாய்கிறது. மலையில் இடமும் குறுகல் என்பதால் தயங்குகிறேன்.

இத்தகைய தொட்டியை மலைக்கு ஏற்றிய அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள். தொட்டியை அடியிலிருந்து தாங்கும் சேடில்களை (வளைந்த தாங்கிகளை) முனையிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்தீர்கள்? அதையும் தயவுசெய்து சொல்லுங்கள்.