புதுப்பிப்பு: மதிப்புரைக்கு மையப்பொருள் கிடைத்தது

சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கு மதிப்புரை எழுத உட்கார்ந்தால் கதைச்சுருக்கம்தான் வருகிறது, மையப்பொருள் பிடிபடவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

கைகொடுத்தது, மறுவாசிப்பில் ஓரக்குறிப்பு எடுத்து, திரும்பத் திரும்ப வருவதை ஒரு கேள்வியாக மாற்றச் சொன்ன யோசனைதான். அப்படிக் குறித்தபோது, 12 கதைகளில் 7 கதைகளில் யாரேனும் ஒருவர் வாசற்படியில் நின்றுவிட்டு உள்ளே வராமலே திரும்பிப் போவது தெரிந்தது. 'இவர்கள் ஏன் நுழைவதில்லை?' என்பதே மதிப்புரையின் மையமாயிற்று. பத்திக்கு ஒரு கருத்து, அதற்கு நூலிலிருந்தே ஒரு சான்று என்று அதை வளர்த்தேன்.

எதிர்பாராதது, அந்தக் கேள்விக்கு நேர்மாறாக எல்லோரையும் உள்ளே அழைத்துவிடும் இறுதிக் கதை. முதலில் அதை ஒதுக்கிவிட்டேன். பிறகு சேர்த்துக்கொண்டபோதுதான் மதிப்புரையின் வலுவான பத்தி அமைந்தது. தலைப்பை முன்பே முடிவுசெய்து வாசிக்கும் முறை எனக்கு ஒத்துவரவில்லை, ஏனெனில் வாசிப்பே அதற்கேற்ப வளைந்துவிட்டது.